கீழே ஒரு மைக் இருக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு முப்பது வயது ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோதும் போன்தான், சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் போன்தான். இப்போது என்ன திடீரென்று பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். செவ்வாய்க்கிழமை காலையில் நீ பேசினாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பா, ஞாயித்துக்கிழமை மேடைக்கு மட்டும் மைக் போதும்ப்பா. கீழ, கூட்டத்துக்குள்ள மைக் வேணாம். கேள்வின்னு ஒருத்தர் ஆரம்பிச்சா அப்புறம் எல்லாம் கலைஞ்சிடும்" என்றாய். நான் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் ஐந்து நிமிஷத்தில் தலையாட்டிவிடுவேன், உன் பேச்சு அப்படி. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்று வியாழன். கும்பகோணத்தில் கூரியரில் போட்டால் நாளைக்கு மத்தியானத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். நாளை சாயங்காலம் வரை உன் ஆபீஸ் திறந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கம்பெனி விதை கொடுக்கும், நம் ஜனங்கள் நட வேண்டும், அறுத்த நெல்லை கம்பெனியே எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒப்பந்தம். அதை ஊர் ஊராகப் போய் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது உன் வேலை. இதுவரை மேலதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இந்தத் தடவைதான் மேடை உனக்கென்று தனியாக. அதுவும் திருவிடைமருதூர் பக்கம், உன் அத்தை மல்லிகா வாழ்க்கைப்பட்ட ஊரில், மண்டபத்தில். இது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்றாய். உன் அம்மா அன்றைக்கே மகாலிங்க சாமிக்கு அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டாள். மைக் செட் நம்முடையதே இருக்கட்டும் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மகன் பேச, அப்பன் செட் போட, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நாலு ஸ்பீக்கர் பாக்ஸையும் இறக்கித் தூசி தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் உன் போன் வந்துவிட்டது.

நான் படித்தது பத்தாவது. ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக நான் கேட்காத பேச்சு இல்லை. கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், கோயில் உபன்யாசம், பள்ளிக்கூட ஆண்டு விழா, உரக் கம்பெனிக் கூட்டம், கல்யாண வாழ்த்து, இரங்கல் கூட்டம் எல்லாம் கேட்டாயிற்று. சீட்டில் உட்கார்ந்து கேட்பவன் பிடிக்கவில்லை என்றால் டீ குடிக்கப் போய்விடலாம். மைக் செட்காரன் போக முடியாது. அவன் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேசுகிறவரின் முதுகு பாதி தெரியும், ஜனங்களின் முகம் முழுசாகத் தெரியும். எந்த இடத்தில் யார் கொட்டாவி விட்டார்கள், எந்த இடத்தில் பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்கள், கேட்க வாயெடுத்து எந்த இடத்தில் கைதட்டலில் அடங்கிப்போனார்கள், எல்லாம் பார்த்திருக்கிறேன். என் பெட்டியில் சின்ன விளக்குகள் இருக்கின்றன, நீ சின்ன வயதில் எண்ணிக்கொண்டே இருப்பாயே, அவைதான். குரல் ஏற ஏறப் பச்சை போய்ச் சிவப்பு எரியும். கையில் விவரம் வைத்திருப்பவர் அந்த விவரத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் பச்சையிலேயே சொல்லிவிடுவார். சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில்தான் சிவப்புக்குப் போவார்கள். இதை ஒரு விதி என்று எடுத்துக்கொள்ளாதே. நம் வேளாண்மை ஆபீஸில் ஒருத்தர் இருந்தார், வணக்கமே சிவப்பில்தான் சொல்வார், ஆனால் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அவருக்குக் காது மந்தம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்குப் பதினோரு வயது இருக்கும், கும்பகோணத்தில் ஒரு விழாவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர் பேசினார், பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், சொந்தக் காலில் நிற்கட்டும், அதற்குப் பிறகு கல்யாணத்தைப் பாருங்கள் என்று. மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நானும் தட்டினேன். அடுத்த மாதமே தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் அதே ஆள், அதே ஜிப்பா. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, குடும்பத்துக்காகப் படிப்பையே விட்டுக்கொடுத்த குலவிளக்கு என்று ஆரம்பித்தார். அதற்கும் அதே தட்டு. நானும் தட்டினேன் தம்பி, அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியில் நீ அந்த ஆளைப் போலவே பேசிக் காட்டினாய். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலை இறக்கி, நிறுத்தி, ஏற்றி, அச்சு அசலாக. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். "இன்னொரு தடவ பண்ணுடா" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அதுதான் நம் விளையாட்டு. "எப்படிடா பேசுனாரு?" என்று கேட்பேன், நீ செய்து காட்டுவாய். என்ன சொன்னார், அது நிஜமா, போன மாசம் வேறு மாதிரி சொன்னாரே என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நீ அதையும் கற்றுக்கொண்டிருப்பாய், உனக்கு அவ்வளவு கூர்மை இருந்தது. எப்படிப் பேசுவது என்பதை மட்டும் உனக்குப் பழக்கிவிட்டுப் பேச்சுப் போட்டியில் கப்பு வாங்கி வந்தாய் என்று கடையில் அடுக்கி வைத்தேன்.

கப்பைப் பற்றிச் சொன்னால் அந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உனக்கு மறந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், மறந்திருக்காது என்றும் தெரியும். எட்டாம் வகுப்பு. உன் அறிவியல் சார், நெல் வயலில் நட்ட நாளிலிருந்து அறுப்பு வரை தண்ணீர் நிற்க வேண்டும், எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு விளைச்சல் என்று நடத்தியிருக்கிறார். நீ கை தூக்கி, "சார், எங்க அத்தை வயல்ல நடுவுல தண்ணிய வடிச்சிக் காயப் போடுவாங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான் வேர் புடிக்கும்னு சொல்லுவாங்க" என்று சொல்லியிருக்கிறாய். வகுப்பு சிரித்துவிட்டது. அவர், "அப்ப உங்க அத்தையவே வந்து பாடம் நடத்தச் சொல்லு" என்று உன்னை மாலை வரை நிற்க வைத்துவிட்டு, மறுநாள் என்னை வரச் சொன்னார். நான் போனேன். உன் அத்தை சொன்னதுதான் சரி என்று எனக்கும் தெரியும், அந்த சாருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும், அவர் வீட்டிலும் நிலம் உண்டு. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் நம் செட்தான். அது போய்விடுமோ என்று பயந்தேன். ஆபீஸ் ரூமில் எல்லோர் முன்னாலும், "சாரிட்ட மன்னிப்புக் கேளுடா" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கேட்டாய், தெளிவாக, தலையைக் குனிந்துகொண்டு, போட்டியில் பேசுவதைப் போலவே நன்றாகக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ வகுப்பில் கை தூக்கியதாக எந்த சாரும் எனக்குச் சொல்லவில்லை. உன்னைப் போல அடக்கமான பையன் இல்லை என்றுதான் சொன்னார்கள், நானும் அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும். நீ திருச்சியில் முதல் வருஷம் சேர்ந்திருந்த சமயம். இதே ஊர், இதே மண்டபம். அப்போது வேறொரு கம்பெனி, அவர்களும் விதை கொடுத்து நெல்லை எடுத்துக்கொள்கிறோம் என்று வந்தார்கள். அங்கே இருந்த விவசாயிகள் சங்கத் தலைவர்தான் கூட்டத்தை ஏற்பாடு செய்தார். மேடையில் மூன்று மைக், கீழே ஒன்று. பேச வந்தவர் கோட்டுப் போட்ட ஆள், ஆனால் நம் பேச்சு நன்றாகப் பேசினார். நாம ஜெயிக்கணும், நாம முன்னேறணும், எல்லாம் நாமதான். அந்த நாமவில் அவர் இருக்கிறாரா, மழை பெய்தால் அவரும் நம்மோடு நனைவாரா என்று நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே யோசித்தேன். அப்போதுதான் உன் அத்தை எழுந்தாள். குத்தகைக்கு உழுகிற பெண்பிள்ளை, மண்டபத்தில் அவ்வளவு ஆம்பிளைகள், எழுந்து மைக்கை வாங்கினாள். "ஐயா, அறுப்பு நேரத்துல மழை புடிச்சி நெல்லு நனைஞ்சிப் போச்சின்னா, அப்பவும் எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். முதல் பாதிதான் மண்டபம் முழுக்கக் கேட்டது. சங்கத் தலைவர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கினார்.

எங்கள் தொழிலில் அது ஒரு பாஷை. மேடையிலிருந்து உள்ளங்கை கீழே போனால் சத்தத்தைக் குறை. விரல் சுழன்றால் பாட்டைப் போடு. கழுத்துக்குக் குறுக்கே கை போனால் நிறுத்து. ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. செட் போடுகிறவன் பேச்சைக் கேட்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும், அவன்தான் நல்ல செட்காரன் என்று பெயர். நான் நல்ல செட்காரன். பெட்டியில் கீழ் மைக்கின் சத்தத்துக்கான திருகை இடதுபக்கம் திருகினேன். விரல் தானாகப் போய்விட்டது, பழக்கதோஷம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அது என் தங்கச்சி குரல் என்று தெரியும். அவள் கேட்டது சரியான கேள்வி என்றும் தெரியும். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். வாய்க்கு இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் கேட்டாள், பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. அப்போதாவது நான் திருகை ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அம்மா என்னமோ சொல்றாங்க, சரியா கேக்கல, பரவால்ல, அப்புறம் தனியாப் பேசிக்குவோம்" என்றார். கூட்டம் சிரித்தது. அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் போட்டாள். அந்தத் தை மாதம் கதிர் சாய்ந்து அறுப்புக்கு நிற்கும்போது மூன்று நாள் மழை. கம்பெனி லாரி வந்தது, கருவியைக் குத்திப் பார்த்தார்கள், ஈரப்பதம் கூடுதல் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காய வைத்தாள். வெயில் வரவில்லை. ரோட்டிலேயே முளை விட்டது. குத்தகை நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். மாமா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போகிறாரே, ஏன் என்று நீ ஒரு தடவை கேட்டாய், விவசாயத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று மழுப்பினேன். அவள் அந்தக் கம்பெனியைத் திட்டவில்லை, சங்கத் தலைவரைத் திட்டவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். "என் குரல் எடுபடலண்ணே. நாலு பேரு முன்னால பேசுற குரலு இல்ல எனக்கு." நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. மகளிர் குழுவில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுவாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தை அனுப்பி அறுபது நகல் எடுத்து வைக்கச் சொன்னாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மிஷின் ஓடும் நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று ஒன்றை எடுத்துப் படித்தேன். ஒன்பது பக்கம். விதை, உரம், வண்டி, எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. ஆறாம் பக்கத்தில், நெல்லின் தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது என்று ஒரு வரி. அவ்வளவுதான். மழை பெய்தால், நெல் நனைந்தால் என்ன என்று எங்குமே இல்லை. சாயங்காலம் நானே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன், நினைவிருக்கிறதா? "பத்து நாள் டிரெயினிங் குடுத்தாங்களே, அதுல இதப் பத்தி யாராவது கேட்டீங்களாப்பா?" என்றேன். "அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கப்பா, நோட்ஸ் எடுப்போம்" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அந்த ஆபீஸ் ரூம் கண் முன்னால் வந்து நின்றது. பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்து, பிசகில்லாமல் எழுதிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறாய். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து, நம் ஜனங்களும் கேட்காமல் எழுந்து போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். இது உனக்கு யார் கொடுத்த புத்தி என்று வேறு எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை.

உன் கம்பெனி மோசம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஒருவேளை நனைந்த நெல்லையும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காய வைக்கிற மிஷின்கூட வைத்திருக்கலாம். அப்படியென்றால் அதை மேடையில் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? நாளை சாயங்காலத்துக்குள் உன் அதிகாரியிடம் போய், இந்த ஒரு கேள்வியைக் கேள். எங்கள் ஊரில் தை மாதம் மழை பெய்வதுண்டு, நெல் நனைந்தால் எடுப்பீர்களா மாட்டீர்களா, எழுதிக் கொடுங்கள் என்று கேள். அவர் பதில் சொல்லும்போது நோட்ஸ் எடுக்காதே, அவர் முகத்தைப் பார். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்கிறாரா என்று பார். பார்த்துக்கொள்ளலாம் என்றால் யார் பார்ப்பது என்று கேள். இதுவரை எங்கேயும் பிரச்சினை வந்ததில்லை என்றால், எந்த ஊரில், எத்தனை போகம் என்று கேள். உன் தோளைத் தட்டி, நல்லா பேசுற நீ, இதெல்லாம் எதுக்கு உனக்கு என்றால் அங்கேதான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், உன்னை மயக்க அந்த ஒரு வார்த்தை போதும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். பதில் இல்லை என்று வந்தால் அதையும் மேடையில் சொல். கையெழுத்து நாலு குறையும். வேலை நிரந்தரம் ஆவது தள்ளிப்போகலாம், ஆகாமலே போகலாம். அதை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஏதோ தைரியசாலி மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதே.

உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. "புள்ள பொழப்புல மண்ணப் போடுறதுக்குன்னே பொறந்திருக்கீங்க. ஊருல எத்தனையோ பேரு பேசுறான், அவனயெல்லாம் விட்டுட்டு பெத்த புள்ளயவா கேள்வி கேக்க ஆளு சேக்குறது?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோட்டுப் போட்டவன் பேசியபோது திருகை இறக்கினேன், என் மகன் பேசும்போது ஏற்றுகிறேன் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் ராத்திரியெல்லாம் இதைத்தான் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கோட்டுக்காரரை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை தம்பி, பாதி சந்தேகத்தோடுதான் போட்டார்கள். உன்னை அப்படி இல்லை. நீ அந்த ஊர் மருமகளின் அண்ணன் மகன், அந்தத் தெருவில் கோலி விளையாடியவன். போன வாரம் உன் அத்தை கடைக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "நம்ம புள்ள பேசப் போறான்ணே. அவன் சொன்னா நான் படிச்சிக்கூடப் பாக்க மாட்டேன், கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடுவேன்" என்றாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. மீதி இருக்கிற நிலமும் அந்தக் கையெழுத்தோடு போய்விடுமோ என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆறாம் பக்கத்தைப் படித்த பிறகு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தையும் அப்படியே நம்பிவிடாதே. அப்பா எழுதியது என்பதற்காகத் தலையாட்டாதே. நானும் ஒரு இடத்தில் குரலை ஏற்றியிருப்பேன், ஒரு இடத்தில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டிருப்பேன். அந்த இடங்களில் பேனாவால் ஒரு கோடு போட்டு வை, ஞாயிற்றுக்கிழமை நேரில் கேள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். நீ எட்டாம் வகுப்பில் சொன்னதற்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன், நீ சொன்னது சரி, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நீ இல்லை. இதை அன்றைக்கு அந்த ரூமில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

நேற்றுக் காலையில் உன் அத்தை வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன் மைக் கெட்டுப்போகவில்லை, நான்தான் திருகை இறக்கினேன், கையைக் காட்டினார்கள், இறக்கிவிட்டேன் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப என் குரல்ல குத்தம் இல்லியாண்ணே?" என்றாள். இல்லம்மா என்றேன். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை, வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், தூணைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை புள்ளகிட்ட அதையே கேக்கலாமா?" என்றாள். கேளு என்றேன். "கோச்சுக்க மாட்டானே?" என்றாள். அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது.

அதனால் தம்பி, ஞாயிற்றுக்கிழமை கீழே ஒரு மைக் இருக்கும். மூன்றாவது வரிசையில், ஓரமாக, அத்தை உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சனிக்கிழமைக்குள் வேறு செட்டுக்குச் சொல்லிக்கொள், எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தடுக்க மாட்டேன். நம் செட்தான் என்றால், மேடையிலிருந்து நீ கையைக் காட்டினாலும் சரி, உன் அதிகாரி காட்டினாலும் சரி, நான் பார்க்கப் போவதில்லை. எப்படிப் பிடிப்பது என்று அவளே கேட்டாள், போன தடவை வாயோடு ஒட்டிப் பிடித்துவிட்டேனோ என்றாள். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடி, அவசரப்படாதே, முழுசாகக் கேட்டு முடி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா